இரண்டாவது தும்மல்

போன மாதம் மகளைக் கோவையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். வீட்டில் இரண்டு பூனைகள். அவற்றைக் கொஞ்சினால் அவளுக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. டாக்டர் பார்த்துவிட்டு, லேசான அலர்ஜிதான், பூனைகளை எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, பக்குவமாக இருந்தால் போதும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு அவர் சாதாரணமாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் நான், "யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் தும்மலைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். காரில் ஏறியதும்தான், "ஏம்மா பொய் சொன்னே?" என்றாள். நான் வண்டியை எடுத்தேன். பெற்ற பிள்ளையின் உடம்பு விஷயத்தில் டாக்டரிடம் பொய் சொல்கிறவள் என்ன தாய் என்று இன்றுவரை கூசிக்கொண்டிருக்கிறேன். அந்த "இல்லீங்க" என் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உடுமலைப்பேட்டையில் அப்பா கொப்பரை வியாபாரம் செய்தார். வீட்டை ஒட்டியே கிடங்கு. கொப்பரை இருந்தால் எலி வரும். ஆகவே பூனைகள் எங்களுக்குச் சம்பளம் இல்லாத ஆட்கள். அவற்றில் செவலை மட்டும் கிடங்கை விட்டு வீட்டுக்குள் குடியேறி, என் மடியைத் தன் சொத்தாக்கிக்கொண்டது. எனக்கும் அதில் சம்மதம்தான். என் மூக்குதான் சம்மதிக்கவில்லை.

தும்முவது எங்கள் வீட்டில் குற்றமில்லை. ஒற்றையாகத் தும்முவதுதான் குற்றம். ஒன்று வந்தால் காரியம் கெடும், இரண்டு வந்தால் கூடும். லாரி கிளம்பும் நேரத்தில் நான் ஒரு தும்மல் போட்டுவிட்டால் டிரைவர் இறங்கி, தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுவார். "ஏனுங்க அம்மணி, ரெண்டாவது எப்ப வருமுங்க? மார்க்கெட் மூடறதுக்குள்ள வந்துருமுங்களா?" என்று அவர் கேட்க, மூட்டை ஏற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சேலை நுனியைத் திரியாக முறுக்கி என் மூக்கில் விட்டு இரண்டாவதை வரவழைப்பாள். நாளடைவில் நானே பாவாடை நுனியை முறுக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் பலிக்காதபோது வாயாலேயே ஒன்று போடுவேன். தூரத்தில் இருப்பவர்களை அது ஏமாற்றும்.

காரணம் பூனைதான் என்று கண்டுபிடித்தவள் அத்தை. அப்பாவின் தங்கை, அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெய்லர் கடைக்குப் போவதாகச் சொல்லி என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தாள். அதன் பிறகு என் போர்வையை வெந்நீரில் அலசினாள். செவலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். நான் படுக்கும் அறைக்குள் அது வராதபடி கதவைச் சாத்தினாள். பூனையைத் தொட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோனால் விரலிலேயே ஓர் அடி விழும். தும்மல் பாதியாகக் குறைந்தது. வீட்டில் இதையெல்லாம் அவளுடைய சுத்தப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அத்தை சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தால் செவலையைச் சாக்கில் கட்டி அணைப்பக்கம் விட்டுவிடுவாள். அதற்காகத்தான் இந்த ரகசியம் என்று நான் நம்பினேன்.

அவிநாசிப் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் பொருந்தி, விசாரித்து எல்லாம் முடிந்திருந்தது. மாப்பிள்ளையை ஒரு கல்யாணத்தில் அத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பிடித்திருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அன்று அவளை அலங்காரத்துக்கு உட்கார வைத்துவிட்டதால் வீட்டு வேலை அவள் கையில் இல்லை. அம்மா பரணிலிருந்து ஜமக்காளத்தை இறக்கி, அவசரத்தில் உதறாமலே கூடத்தில் விரித்துவிட்டாள். மழைக்காலம் முழுக்கச் செவலை அதன் மேல்தான் படுத்துக் கிடந்தது.

அத்தைக்குத் துணையாக என்னையும் அதில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டைத் தூக்கி, "அப்பறம் என்னங்க, வெத்தலை மாத்திக்கலாமுங்களா?" என்று அப்பா பக்கம் நீட்டினார். அப்போது தும்மினேன். ஒன்றே ஒன்று.

தட்டு பாதி வழியில் நின்றது. இரண்டாவதற்காகக் கூடம் முழுக்கக் காத்திருந்தது. அம்மா பின்னாலிருந்து, "இன்னொண்ணு போடு கண்ணு, போடு" என்று முதுகில் கிள்ளினாள். புதுப் பட்டுப்பாவாடை முறுக்க வரவில்லை. கடைசியில் வாயால் ஒன்று போட்டேன். ஆட்டுக்குட்டி இருமியது போலிருந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

"ஒத்தையாப் போச்சுங்களே" என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "புள்ளைக்குக் கண்ணெல்லாம் செவந்திருக்குது. மூச்சு இளைப்பு கிளைப்பு இருக்குதுங்களா?"

எனக்கு அது தப்பிக்க ஒரு வழியாகப் பட்டது. சகுனமில்லை, பூனைதான் என்று தெரிந்துவிட்டால் தட்டு நகர்ந்துவிடும். செவலை போனாலும் போகட்டும் என்று துணிந்து, "பூனை..." என்று தொடங்கினேன். அதுவரை தலை குனிந்திருந்த அத்தை நிமிர்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் எந்தப் பெண்ணும் பேசாத சத்தத்தில் சொன்னாள்:

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுல அந்த மாதிரி யாருக்கும் இல்லீங்க."

அப்படியானால் மிச்சமிருந்தது சகுனம் மட்டும்தான். ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று தட்டைக் கீழே வைத்தார்கள். சொல்லியனுப்பவில்லை. பெண்ணுக்கு ராசியில்லை என்ற பேச்சுதான் திரும்பி வந்தது. அது அத்தையோடு வெகுகாலம் ஒட்டிக்கொண்டு, வந்த வரன்களையெல்லாம் வாசலோடு அனுப்பியது. கடைசியில் பவானியில், மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அன்று அம்மா திட்டியது எனக்கு வலிக்கவில்லை. அத்தை ஒரு வார்த்தை பேசாததுதான் வலித்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள். சொல்ல வந்த என் வாயையும் அடைத்துவிட்டாள். என்னைவிட அவளுக்குச் செவலைதான் பெரிது என்று நினைத்தேன். இளைப்பு உள்ள வீடு என்று ஒருமுறை பெயர் கிளம்பினால் அது யாரைத் தேடி வரும், எத்தனையோ வருடம் கழித்து எந்தக் கூடத்தில், எந்தத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் என்பதெல்லாம் நாலாவது படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் அத்தை பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் ஜமக்காளத்தைக் கொப்பரைக் களத்துக்கு இழுத்துப்போய், கயிற்றில் போட்டு, தடியால் அடிக்கத் தொடங்கினாள். புழுதியும் பூனை முடியும் வெயிலில் பறந்தன. மன்னிப்புக் கேட்கலாமென்று மெல்ல நெருங்கினேன். அவள் திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை, கண் சிவந்திருந்தது.

"கிட்ட வராத அம்மணி. அங்கயே நில்லு" என்றாள்.

என் முகத்தில் விழிக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அழுதபடி வீட்டுக்குள் ஓடிப்போனேன்.