ஒழுக்கின் ஆரை

டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். கூரை ஒழுகி வாளியில் விழும் சத்தம் கேட்டால் எனக்குச் செய்மதி ஞாபகம் வரும். எங்கள் பௌதிகவியல் புத்தகத்தில் செய்மதி பூமியைச் சுற்றும் பாதைக்கும் ஒழுக்கு என்றுதான் பெயர்.

யுத்தகாலத் திருகோணமலை. துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்த அதிர்வில் என் வகுப்புத் தோழியின் வீட்டு ஓடுகள் விலகிப்போயிருந்தன. மழைநீர் பிடிக்கக் குசினிச் சட்டிகளெல்லாம் எங்கள் படிப்பு மேசையைச் சுற்றி.

"பூமிக்கு ஒரு நிலவு. எங்கட வீட்டுக்கு ஏழு ஒழுக்கு," என்பாள்.

உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அன்று காலை பத்து மணி பஸ்ஸில் அவள் குடும்பம் கொழும்புக்குப் போகிறது. திரும்பிவரும் யோசனை இல்லை. அவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு கணக்கும் நான் முடித்ததில்லை.

"இதை நீ தனியச் செய்து முடி. சரி வந்தால்தான் கதிரையை விட்டு எழும்புவன்," என்று ஒரு கணக்கைக் காட்டினாள்.

வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செய்மதி. பூமியின் ஈர்ப்புத்தான் அதை வளைத்துச் சுற்றவைக்கிற விசை. இரண்டையும் சமப்படுத்தினால் ஒழுக்கின் ஆரை, பூமியின் மையத்திலிருந்து அதன் தூரம், வரும். மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கனமூலம் எடுத்தேன். இருபத்தாறாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர்.

"பிழை. சுத்துற நேரம் என்ன போட்டனீ?"

"ஒரு நாள். பன்னிரண்டு மணித்தியாலம்."

என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "எடியே, ஊரடங்கைக் கழிச்சுப்போட்டியே!"

மாலை ஆறுக்குப் பூட்டிய கதவு விடிய ஆறுக்குத்தான் திறக்கும். எங்கள் நாள் அவ்வளவுதான். பூமிக்கு ஊரடங்கு இல்லையென்று எனக்குத் தோன்றவேயில்லை.

"உன்ர செய்மதி நிக்காதடி. நாளுக்கு ரெண்டு தரம் சுத்தி ஓடிப்போகும்."

"அப்ப பிழையாவே கிடக்கட்டும். நீ எழும்பாத."

சிரிப்பு நின்றது. சட்டிகள் மட்டும் டொக், டொக்.

"பிள்ளை, பஸ் உனக்காக நிக்காது," என்றார் அவள் அம்மா, வாசலில் பெட்டியோடு.

பென்சிலை எடுத்தேன். இருபத்துநான்கு. வேண்டுமென்றே எண்களின் மேல் விரலை மெல்ல, மெல்ல நகர்த்தினேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். தலையாட்டினாள். எழும்பினாள். சட்டிகளில் நிறைந்த தண்ணீரை யாரும் ஊற்றவில்லை.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவளுடைய மடக்கை அட்டவணையை ஜன்னலால் நீட்டினேன். என் கையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள்.

"வைச்சிரு, உனக்குத்தான்."

"எனக்கெண்டா தனியச் சோதினை எழுத ஏலாது."

"ஏலும். இருபத்திநாலு போடு, என்னடி? இரவையும் சேர்த்துப் போடு."