கட்டிக்குப் போகும் சோறு

வாய் நிறைய நங்கையா என்று கூப்பிட்டாலும், என் நாத்தனாரை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கல்யாணமான மறுநாளே என் ரசத்தில் குறை கண்டுபிடித்தவள். வாழ்க்கைப்பட்டது வேலந்தாவளத்தில் என்றாலும், கோவிந்தாபுரத்தில் என் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் என் வீட்டுக்காரருக்கு அவள் சொன்னதுதான் சட்டம்.

அவருக்குக் குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. கீமோவோடு இன்னொரு ஊசியும் போட வேண்டும் என்றார் கோயமுத்தூர் டாக்டர். நாத்தனாரும் கூட வந்திருந்தாள்.

"கட்டி சும்மா இருக்காதும்மா. பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாய்க்கு ஆள் அனுப்பற மாதிரி ஒரு ரசாயனத்தை அனுப்பும். அங்கிருந்து புதுசா குழாய் கிளைச்சு அதுகிட்ட வரும். அந்த வழியா சாப்பாடு எடுத்துத்தான் பெருசாகுது. இந்த ஊசி குழாயை வளரவிடாது" என்று தாளில் வரைந்தும் காட்டினார்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கூப்பிடாமல் வந்து உட்கார்ந்ததும் இல்லாமல், தனக்கென்று குழாய் வேறு இழுத்துக்கொள்கிறது.

அதுவரை ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கிவந்து, தம்பிக்கு ரத்தம் ஊறட்டும் என்று கொடுத்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். அன்றோடு நிறுத்திவிட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் வந்து நின்றாள்.

"நீ ஆக்கிப்போடறது அவனுக்குன்னா நெனைக்கற? அத்தனையும் கட்டிக்குத்தான் போகுது. டாக்டர் சொன்னது காதுல உழுகலியா?"

"அதுக்குத்தானுங்க நங்கையா ஊசி போடறாங்க. சோத்தை நிறுத்தச் சொல்லலீங்களே."

"ஊசி ஒரு பக்கம் அடைக்கட்டும். நாம ஒரு பக்கம் அடைப்போம்."

கூடத்தில் படுத்திருந்த அவருக்கு இது கேட்டுவிட்டது. மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்தார். அப்புறம் கஞ்சித் தண்ணி மட்டும்தான். கெஞ்சினேன், திட்டினேன், தட்டை நங்கென்று வைத்தேன். "கட்டியப் பட்டினி போடறேன்" என்றார், ஏதோ சாதனை செய்பவர் மாதிரி. சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த ஊசிக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். எடையைப் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, தேறினால்தான் ஊசி என்றார். நடந்ததை நான் கொட்டித் தீர்த்தேன்.

"நீங்க சாப்பிடலேன்னா கட்டி சாகாதுங்க. உங்க சதையைக் கரைச்சு அது எடுத்துக்கும். பட்டினி கெடக்கறது நீங்க மட்டும்தான்" என்று அவரிடம் சொன்னார்.

இவரும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார்.

அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது. படித்த டாக்டர் சொல்லியாயிற்று, கட்டிய பெண்டாட்டி சொல்லியாயிற்று. இன்னும் அக்கா சொல்ல வேண்டுமாம்.

பஸ் ஏறி வேலந்தாவளம் போனேன். அன்றைக்கு மாட்டுச் சந்தை. அந்தக் கூச்சலைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதை நின்றபடியே சொன்னேன்.

"அப்ப நாந்தான்..." என்று ஆரம்பித்தவள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அழுகறத அப்பறம் அழுங்க. இப்ப வந்து உங்க வாயால தின்னச் சொல்லுங்க. நாஞ்சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

இதை அவளிடம் போய்ச் சொல்லும்படி ஆனதே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வந்தாள். நான் ஆக்கிய சோற்றில் நான் வைத்த கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, "தின்னு சாமி" என்று ஒரு வாய் எடுத்து நீட்டினாள். அவர் ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

நான் கதவோரம் நின்று, சோறு அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெறுத்ததுபோல் அவளை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை.

"இன்னொரு வாய் குடுங்க நங்கையா" என்றேன்.