வளைவில் நின்ற லாரி

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வேன் அக்கா. நாளடைவில் பிள்ளைகளின் அப்பா அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மளிகைக்கடைக்காரருக்கும் அவள் அக்காதான். பதினாலு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. யார் ஜன்னலோரம் உட்காருவது, யார் யாருடைய பென்சிலைக் கடித்தது என்று வழியெல்லாம் பஞ்சாயத்து ஓயாது. ஆனாலும் ஏழு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை ஏறும்.

அவள் போகிற சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வீடுகள். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். அந்தச் சாலை ஓர் இடத்தில் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் தார்ப்பாய்க்காரர் வீடு இருந்தது.

அவர் ஜல்லி லாரி ஓட்டுகிறவர். பின்னால் வருகிறவன் முகத்தில் கல் தெறிக்கக் கூடாது என்று பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டிக்கொண்டு போகிறவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அதனால் வந்த பெயர். விடியுமுன் கிளம்பிப் போவார், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். திரும்பியதும் லாரியைத் தன் வீட்டு ஜன்னலுக்கு நேராக, வளைவிலேயே நிறுத்துவார். வேன் அக்கா நாலு மணிக்குப் பிள்ளைகளோடு வரும்போது பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு அது மலை மாதிரி நிற்கும். எதிரே வருவது யானையா பூனையா என்று தெரியாது.

முதலில் தன்மையாகத்தான் சொன்னாள். "அண்ணே, வளைவு மறைக்குது. கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்."

"சரிம்மா" என்றார். மறுநாள் ஓரடி தள்ளி நின்றது. அதற்கு அடுத்த நாள் பழைய இடம்.

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் லாரியின் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வந்தது. அவள் பிரேக்கை மிதித்த மிதியில் முன்சீட்டுக் கம்பியில் மோதி ஒரு பெண்பிள்ளையின் உதடு கிழிந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண்மண் தெரியவில்லை. வண்டியை அங்கேயே நிறுத்தி இறங்கினாள்.

"வெளியே வாங்கய்யா! ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிள்ளையைப் பார்த்து முகம் வெளுத்தது. "அடடா, காயம் பலமாம்மா?"

"பலமா இருந்தாத்தான் வண்டிய எடுப்பீங்களா? ரோட்டுக் கோடியில மரமில்லுல அவ்வளவு இடம் சும்மாக் கிடக்கு. அங்க நிறுத்திட்டு நாலு எட்டு நடந்தா காலு தேஞ்சிடுமா? வாசல்லயே வெச்சு அழகு பாக்கணுமோ?"

தெருவே கூடிவிட்டது. அவர் வாயைத் திறந்தார். ஒருதரம் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லாரியில் ஏறி முன்னால் கொண்டுபோனார். எவ்வளவு திமிர், ஒரு மன்னிப்புக்கூட வாயில் வரவில்லையே என்று அவள் நினைத்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது தையல்காரக் கணவன் கேட்டான்: "அந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லையே. ஏன் அங்கேயே நிறுத்துறாருன்னு கேட்டியா?"

"ஏன்னு கேட்டா வளைவு நிமிந்துடுமா?" என்றாள்.

மனு எழுதிப் பிள்ளைகளின் பதினாலு வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். சாலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அளந்து பார்த்து, அந்த வளைவில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமையிலிருந்து லாரி மரமில்லில் நின்றது. வளைவு கண்ணாடி மாதிரி தெளிவாகத் தெரிந்தது. பெற்றவர்கள் அவளை மெச்சினார்கள். அவளும் மனசுக்குள் தன்னை மெச்சிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. நாலு மணி வெயில். வேன் வளைவில் திரும்பும்போதே வாய்க்கால் கரையோரப் பள்ளத்தில் ஒரு அம்மாள் விழுந்து கிடப்பது தெரிந்தது. வேனை நிதானமாக ஓரங்கட்டி ஓடினாள். ஒரு காலில் செருப்பில்லை. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. வலியில் முகம் கோணியிருந்தாலும் அந்த அம்மாள் அழவில்லை. வேன் அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, லாரி பாத்தியா? நீலக் கதவு லாரி. இந்நேரம் வந்திருக்கணுமே. அவரு இன்னும் வரலையே."

வேன் அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து தார்ப்பாய்க்காரர் ஓடிவந்தார். இரண்டு கையிலும் சோப்பு நுரை. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் முப்பது அடி இருக்காது.

"நான் இங்கதான் இருக்கேன். இந்தா பாரு, இங்கதான் இருக்கேன்" என்று அவர் சொன்னார். அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் சாலையைப் பார்த்தாள்.

மிச்சமிருந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்த அம்மாளை வேனின் நீளச் சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மெல்ல மெல்ல எல்லாம் தெரிந்தது. நாலு வருஷமாக அவர் மனைவிக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வருகிறது. புருஷன் முகம் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. லாரி மட்டும் தெரியும். காலையில் அவர் திரும்பும்வரை அவள் தங்கை வந்து கூட இருப்பாள். மதியம் தூங்கி எழுந்து ஜன்னல் வழியே நீலக் கதவைப் பார்த்துவிட்டால், அவர் வந்துவிட்டார் என்று அமைதியாகிவிடுவாள். அந்த நேரத்தில்தான் அவர் சமைப்பார், துவைப்பார், கடைக்குப் போய்வருவார்.

"லாரி மரமில்லுக்குப் போனதுலேருந்து பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இன்னிக்கித் துணி ரொம்பச் சேந்துபோச்சு. தூங்கிட்டுத்தான் இருந்தா" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. வளைவுல ஒரு ஆள நிறுத்திக் கொடி காட்டியாவது போயிருப்போமே."

"என்னன்னும்மா சொல்றது? என் பொண்டாட்டிக்கு என்னையே தெரியல, லாரியத்தான் தெரியுதுன்னு நடுரோட்டுல நின்னு சொல்லச் சொல்றியா? ஊரே அவள வேடிக்கை பாக்குமே." கையில் காய்ந்திருந்த சோப்பைச் சுரண்டினார். "நீ கேட்டதும் நியாயம்தானே. வண்டி நிறையப் பிள்ளைங்க."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் காலையில் அந்த அம்மாள் இறந்துபோனாள். வேன் அக்கா பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வாசலில் பெண்களுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. மூன்று மணி வாக்கில் அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சே. கிளம்பும்மா. பிள்ளைங்க காத்துக்கிட்டு நிக்கும்" என்றார்.

வேனுக்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகவே அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. கணவனிடம் அன்று ஒன்றுதான் சொன்னாள்: "ஏன்னு நீ கேக்கச் சொன்னத அன்னிக்கு நான் காதுல வாங்கியிருக்கணும்." அவன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு தார்ப்பாய்க்காரர் தாமதமாகத்தான் வேலைக்குக் கிளம்பினார். ஓடி வந்து சேர அவசரமில்லை. காலையில் அவள் வெறும் வேனோடு போகும்போது, அவர் மரமில் பக்கம் சாலையோரமாக நடந்துகொண்டிருப்பார். இரண்டு முறை வேனை நிறுத்திக் கூப்பிட்டாள். "நடந்தா நல்லதும்மா" என்று போய்விட்டார். மூன்றாவது முறை நல்ல மழை. ஏறிக்கொண்டார்.

பிள்ளைகள் மிட்டாய்த் தாள் ஒட்டிவைத்த முன்சீட்டில் நனைந்த சட்டையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வைப்பர் அடிக்கிற கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு நான் வர்றதுக்குள்ள அவ வேற ஏதாவது சொன்னாளா?"

ஆறுதலாக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை.

"நீங்க இந்நேரம் வந்திருக்கணும்னு சொன்னாங்கண்ணே. இன்னும் வரலையேன்னு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"வீட்டுலதானேம்மா இருந்தேன்" என்றார்.

மரமில் வாசலில் இறங்கி, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் கதவை இழுத்துச் சாத்தினார். அவள் அவர் லாரியில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, முதல் பிள்ளையின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள்.