கீரை சாப்பிடுகிறவருக்கு வராது என்ற பேச்சு

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். சில வருடங்களுக்கு முன், மானிப்பாயில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மாதர் சங்கத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கேட்டார்கள். கீரை, பழம், பருப்பு, தீட்டாத அரிசி இவற்றிலுள்ள நார்ச்சத்தும், தாவரங்களுக்கு நிறமும் கசப்பும் கொடுக்கிற சில பொருட்களும் பெருங்குடலுக்கு நல்லவை என்றேன். அவற்றை வழமையாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் புற்றுநோய் வரும் ஆபத்துக் குறையலாம் என்றும் சொன்னேன். ‘குறையலாம்’ என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னேன். யாரோ அதைப் போனில் பிடித்து அனுப்ப, சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிற என் அண்ணையிடம் அது போய்ச் சேர்ந்தது. அவர் காதில் விழுந்தது ‘வராது’ என்று மட்டும்தான்.

அண்ணை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவர். வெத்திலை, சுருட்டு, குடி ஒன்றும் இல்லை. முருங்கையிலையோ வல்லாரையோ இல்லாமல் மத்தியானம் சோற்றுக் கோப்பையில் கை வைக்கமாட்டார். அந்தப் பேச்சைக் கேட்டபிறகு ஊரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். எனக்கும் அப்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவருடைய மனைவி, என் மச்சாள், எனக்குப் போன் எடுத்தாள்.

“ரெண்டு மாசமா அவருக்கு வெளிக்குப் போகேக்கை ரத்தம் போகுது. உங்களிட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவர்.”

அன்றே பஸ் ஏறிப் போனேன். அண்ணை முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

“உது மூலம். வெயிலுக்கை நிக்கிறவனுக்கு வாறதுதான்.”

“மூலமோ வேறையோ எண்டு பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுறன்.”

“நீதானே சொன்னனி, கீரை தின்னுறவனுக்கு வராது எண்டு.”

“குறையலாம் எண்டு சொன்னனான் அண்ணை. வராது எண்டு சொல்லேல்லை.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

அடுத்த பிடியைக் கட்டத் தொடங்கினார். அடுத்தடுத்த மாதங்களில் கீரையைக் கூட்டினார். காலையில் மஞ்சளைக் கரைத்துக் குடித்தார். கறிவேப்பிலையை அரைத்து விழுங்கினார். ரத்தம் நிற்கவில்லை. நான் இரண்டு தடவை டொக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் புல்லுப் பிடுங்கப் போய்விட்டார். மற்ற நாள் செத்தவீடு என்றார். யாருடைய செத்தவீடு என்று விசாரித்தபோது மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று நான் வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நின்று, அயலவர் கேட்கக் கேட்கச் சத்தம் போட்டேன். மூன்று கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை.

கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் சொல் அல்ல. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவர் வரம்பிலேயே மயங்கி விழுந்தார். ரத்தம் பரிசோதித்ததில் உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. பிறகு குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்.

சத்திரசிகிச்சை டொக்டர் இளம்பெண். ஒரு தாளில் குடலின் படத்தைக் கீறி, கட்டி இருக்கிற இடத்தைக் காட்டினா. அண்ணை அந்தத் தாளைப் பார்க்கவில்லை.

“டொக்டர், நான் கீரை இல்லாமல் சாப்பிடுறதில்லை. எனக்கு ஏன் வந்தது?”

“நல்ல பழக்கம்தான் ஐயா. அதை விடாதேங்கோ. ஆனால் கீரை சாப்பிடுற ஆக்களுக்கும் இது வரும். வயசு இருக்கு, பரம்பரை இருக்கு, எங்களுக்குத் தெரியாத காரணமும் இருக்கு. ரத்தம் கண்ட உடனை வந்திருக்கலாம்.”

அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போன்ற பார்வை. அந்த இடத்தில் சண்டை பிடிக்க முடியாது.

கட்டியை வெட்டி எடுத்தார்கள்; காயம் ஆறியபிறகு நரம்பில் புற்றுநோய் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி வைத்து, அதில் ஒரு பை பூட்டினார்கள். குடல் ஆறும்வரை சில கிழமைக்குக் கீரையும் நார்ச்சத்தும் வேண்டாம் என்று அந்த டொக்டரே சொன்னா. அந்தக் கிழமைகளில்தான் வீட்டுக்கு இலைகள் வந்து குவிந்தன. பார்க்க வந்த ஒருவர் பை நிறைய முள்ளுச்சீத்தா இலை கொண்டுவந்து, “உந்த மருந்து ஏத்துறதை விடுங்கோ, இதைக் காய்ச்சிக் குடுங்கோ, அதுவே காணும்” என்றார். நான் அவர் வாசற் படலையைத் தாண்டமுன்னமே இலையைக் குப்பைக் கிடங்கில் கொட்டினேன். இன்னொருவர், “கீரை தின்ன உமக்கே வந்திட்டுது, பிறகு கீரை என்னத்துக்கு?” என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு பேருக்கும் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். இருவரும் கேட்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் இத்தனை வருடம் நின்ற எனக்கு, ‘குறையலாம்’ என்பதற்கும் ‘வராது’ என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை ஒரு விறாந்தையில் இருக்கிற நாலு பேருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

அண்ணை மருந்து ஏற்றி முடித்தார். அடுத்த வருடம் பையை எடுத்துக் குடலைப் பொருத்தினார்கள். இப்போது திரும்பவும் தோட்டத்துக்குப் போகிறார்.

கிளினிக்கில் ஒருநாள் டொக்டர் என்னைக் கேட்டா, “நீங்கள் கூடப்பிறந்த தங்கச்சிதானே? நீங்களும் ஒருக்காச் சோதிக்க வேணும்.”

“எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். நான் சாப்பாட்டிலை வலு கவனம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்த மச்சாள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

அப்படியும் உடனே போகவில்லை. சோதனைத்தாள் திருத்த வேண்டும், விளையாட்டுப் போட்டி வருகிறது என்று இரண்டு பள்ளித் தவணையைக் கடத்தினேன். கடைசியில் வயிற்றைக் கழுவுகிற அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்து, குழாய் விட்டுப் பார்த்ததில் இரண்டு சின்னச் சதை முளைகள் இருந்தன. எடுத்துவிட்டார்கள். அவற்றில் கெடுதி இல்லை. விட்டிருந்தால் பிறகு புற்றுநோயாக மாறியிருக்கலாம் என்றார்கள்.

அண்ணையிடம் சொன்னேன்.

“ஏன் பிள்ளை ரெண்டு தவணை இழுத்தனி?”

“வேலை இருந்தது.”

“ஓம்” என்று தலையாட்டினார். ஏசியிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.