கடைசியாகக் கொடுத்த அத்தியாயம்

என் ஆய்வேட்டை 2008இல் தட்டச்சு செய்தவர் அப்பா. கடலூர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் நான் படித்த பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஆய்வேடு அடித்துத் தரும் கடைகள் வரிசையாக இருந்தன. "அவன் ஒரு சைபரை விட்டுட்டா யாரு பாக்கறது?" என்று சொல்லி அப்பா என்னை அந்தப் பக்கமே போகவிடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய டைப்ரைட்டர் என்று நினைத்து ஓங்கி அடிப்பார். ஆனால் தாளில் இருப்பதை மாற்ற மாட்டார். என் எழுத்துப் பிழையைக்கூடப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாரே தவிர, தானாகத் திருத்த மாட்டார்.

சிறுகுறிஞ்சான் இலையின் சாறு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் காப்பாற்றுமா என்று வெள்ளெலிகளை வைத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு. மங்கலம்பேட்டைப் பக்கம் வேலிகளில் கொடியைத் தேடிக் கோணியில் இலை கட்டி வந்தவரும் அப்பாதான். மிச்சத்தை மாடியில் உலர்த்தி வைப்பார். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் தானே இன்சுலின் போட்டுக்கொள்வார். இந்த இரண்டையும் நான் ஒருநாள்கூடச் சேர்த்து யோசித்ததில்லை. படித்த மடச்சி.

வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமை மதியம் கடலூர் பஸ். செம்மங்குப்பத்து ரசாயனக் கம்பெனிகளின் நெடி வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராவேன், வீடு வரப்போகிறது என்று. இன்றைக்கும் அந்த நெடி வந்தால் மனசு துள்ளுகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. வழிகாட்டிக்கு முதலில் முடிவுகள் வேண்டும். செய்முறை அத்தியாயத்தை ரஃப் நோட்டைப் பார்த்துக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். நானும் முடிவுகளைத்தான் அப்பாவிடம் முதலில் கொடுத்தேன். நோயுற்ற எலிகளின் செல் கூட்டம் கரையான் அரித்த காகிதமாக இருக்க, இலைச் சாறு குடித்த எலிகளுடையது ஏறக்குறைய முழுசாக இருந்தது. அந்தப் படங்களையும் அட்டவணைகளையும் அவர் ஒட்டி, கோடு போட்டு, அழகாக்கினார்.

துறை வேலையால் ஒரு மாதம் ஊருக்கு வர முடியவில்லை; பிறகு ஒரு சனிக்கிழமை வந்தேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் அப்பா பெல்ட் போட்டிருந்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நான் போன மாதம் வாங்கி வைத்த இன்சுலின் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

"என்னாப்பா இது?"

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். எலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் இலைச் சாறு என்ற என் அட்டவணைக் கணக்கைத் தன் எடையால் பெருக்கி, இரண்டு வேளையாகப் பிரித்திருந்தார். அடியில் தேதி, கையெழுத்து.

"ஜாஸ்தியாலாம் எடுத்துக்கலம்மா. நீ எழுதுன அளவுதான்."

கத்தினேன். கத்தியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே படுக்கையில் சேர்த்தார்கள். டாக்டர் அவரைத் திட்டவில்லை. "நீ என்னம்மா படிக்கிற?" என்று என்னைத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் சலைன் ஊசியைக் கழற்றிய பிறகு சொன்னேன். "எலிங்களுக்கு இலையை முதல்லயே குடுக்க ஆரம்பிச்சிட்டோம்பா. செல்லு நல்லா இருக்கறப்பவே. அப்புறம்தான் நோய் வரவைக்கிற ஊசி. அது நான் உங்ககிட்ட இன்னும் குடுக்காத அத்தியாயத்துல இருக்கு."

"எனக்கு அந்த செல்லு?"

"இருந்தாலும் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும்பா."

ஊசி கழற்றிய இடத்தைத் தடவிக்கொண்டார். "அதை முன்னாடியே குடுத்திருக்கணும் நீ" என்றார். அத்தியாயத்தைத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். இலையைச் சொன்னார் என்று நினைத்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

வீடு திரும்பியதும் இன்சுலின் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்முறையை அடித்தார். பிறகு முடிவுரையையும் அடித்தார். நேரம் நெருக்கியதால் நான் சரிபார்க்காமலே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வன்று வெளியூர்த் தேர்வாளர் என் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை வாசித்தார். 'செல்கள் முன்பே அழிந்துவிட்டவர்களுக்கு இந்த இலை பயன்படும் என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. அவர்கள் இன்சுலினை நிறுத்தக் கூடாது.' பலரும் இதை எழுத மறந்துவிடுகிறார்கள் என்று என்னைப் பாராட்டினார்.

நான் எழுதிய வரி இல்லை அது. பின்வரிசையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்த அத்தனை வருடத்தில் அடுத்தவர் தாளில் அவர் சேர்த்தது அந்த ஒரு வரிதான்.