டீ தம்ளருக்கு அடியில் ஒன்பது கேள்விகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. ஏலக்காய் மூட்டைகளுக்குப் பெயர்ச்சீட்டு அடிக்க வாங்கிய தாளின் பின்பக்கத்தில், நீல மையில், எண் போட்டு எழுதிய ஒன்பது கேள்விகள். ஆறாவது கேள்வியைச் சுற்றி, யாரோ வேண்டுமென்றே சுழித்துவிட்டது போல, பழுப்பாக ஒரு வட்டம். அது என் டீ தம்ளர் வைத்த தடம். என் தொழில் வாழ்க்கையில் முக்கியமான இடத்தை நான் சரியாக அடையாளம் போட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் தம்ளர்தான் செய்தது.

எழுதியவரை எங்கள் கடையில் எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்போம். டைப்ரைட்டர் பரணுக்குப் போய்ப் பல காலம் ஆகியும் பெயர் போகவில்லை. போடியில் அப்பா நடத்திய ஏலக்காய்க் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைத் தொட ஆளில்லாமல் எல்லோரும் தள்ளி நிற்க, தானே உட்கார்ந்து பழகியவர். எந்த மூட்டை எந்தத் தோட்டத்துக் காய், எத்தனை நாள் முன்னால் உலர்த்தியது, யாருடையதில் பச்சை நிற்கும், யாருடையது சீக்கிரம் வெளுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரே பெட்டியில், அவர் கையால் ஏறியது. அப்பாவுக்குப் பிறகு நான் பொறுப்புக்கு வந்த முதல் வாரமே அந்தப் பெட்டியை ‘டப்பா’ என்றேன். “டப்பான்னு சொல்லாதீங்க தம்பி. நீங்க அரியர் எழுதப் போன ஒவ்வொரு தடவையும் ஹால் டிக்கெட்ட அடிச்சுக் குடுத்தது இதுதான். அதுலயே பாதி தேஞ்சுபோச்சு” என்றார். குடோனில் மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பு மேற்கே மலை வரைக்கும் கேட்டிருக்கும். சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வேண்டும் என்ற ஞானம் எனக்கு மதுரையில் ஒரு ஓட்டலில், மதியச் சாப்பாட்டோடு நடந்த கூட்டத்தில் பிறந்தது. ஐஸ்கிரீம் வருவதற்கு முன்பே சம்மதித்துவிட்டேன். யோசனை ஒன்றும் தப்பில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே, எலி கடித்த ஒயரில், ஒற்றைப் பெட்டியை நம்பி ஒரு தொழில் நிற்கக் கூடாது. அந்தப் பெட்டியே பிறகு ஒரு சாரல் காலத்தில் இருமிக்கொண்டே உயிரை விட்டது. தப்பு யோசனையில் இல்லை, என்னிடம் இருந்தது.

சென்னையிலிருந்து டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர் வந்து குடோன் சுவரில் படம் காட்டினார். அதில் ஒரு பக்கம் ‘ஊழியர்களின் எதிர்ப்பு’ என்று தலைப்புப் போட்டு, முகத்தைச் சுளித்த பொம்மை ஒன்று இருந்தது. எல்லோரும் பொம்மையைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார்கள். ரொம்பச் சத்தமாகச் சிரித்தவன் நான். அவருடைய திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ‘ஒரு பணியிடம் குறையும்’ என்று ஒரு வரி. எங்கள் அலுவலகத்தில் இருந்ததே ஒரு பணியிடம்தான். அந்த வரியை அக்காவிடம் நான் சொல்லவில்லை. பெரிய ரகசியமாக வைத்திருந்தேன். ஆனால் அந்தத் திட்டத்தை ஐந்து பிரதி அச்சடித்துப் பின் போட்டுத் தரச் சொல்லி அவரிடமேதான் கொடுத்திருந்தேன்.

படம் முடிந்ததும் அக்கா இந்தத் தாளை என் முன்னால் வைத்தார். “வேலையத் தொடங்கறதுக்கு முன்னால இதுக்கெல்லாம் பதில் வேணும்.” கம்பெனிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இதெல்லாம் சிஸ்டமே பாத்துக்கும்” என்றார். “சிஸ்டம் மேல குரங்கணித் தோட்டத்துக்கெல்லாம் வந்திருக்கா சார்?” என்றார் அக்கா. நான் இரண்டாவது கேள்வி வரை படித்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. சூடு தாங்கவில்லை. தம்ளரை எங்காவது வைக்க வேண்டுமே. வைத்ததை அவர் பார்த்தார். நான் அவர் பார்த்ததையும் பார்த்தேன். எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் ஒரே அறையில் எதிரிகளாக இருந்தோம். ‘தம்பி’ போய் ‘சின்ன மொதலாளி’ வந்தது. அந்தச் சொல்லை அவர் ஈக்கு விசிறுவது போல உச்சரிப்பார். டீக்கு ஆள் எண்ணும்போது என்னை விட்டுவிட்டு எண்ணுவார். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்குச் சுவர். நான் மட்டும் சும்மா இருந்தேனா? இரண்டு பக்கமும் திரும்பும் மின்விசிறியை என் பக்கமே நிற்கும்படி கயிறு போட்டுக் கட்டினேன். ஒரு முதலாளி செய்கிற வேலையா இது? செய்தேன். கயிற்றை அவர் அவிழ்க்கக்கூட இல்லை. ஒரு விசிறிமட்டையைக் கொண்டுவந்து, என்னைப் பார்த்தபடியே விசிறிக்கொண்டார்.

தோட்டக்காரர்களின் பெயர்களைக் கிளவுடுக்கு மாற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சலூனில் பாதி முகச் சவரத்தில் இருந்தேன். கம்பெனிக்காரர் போன் செய்தார். “சார், ஒரே போன் நம்பர்ல நிறையப் பேர் வர்றாங்க. டூப்ளிகேட்டா இருக்கும். ஒண்ணா சேத்துரலாமா?” நுரை வாய்க்குள் போய்விடக் கூடாதே என்ற ஒரே கவலையில், “சேத்துருங்க, சேத்துருங்க” என்றேன். அக்கா வீடு அங்கிருந்து இரண்டு தெரு. கேட்டிருக்கலாம். கேட்டால் பதிலோடு ஒரு குத்தலும் வரும் என்று பயம்.

குரங்கணிக்கு மேலே பாதித் தோட்டங்களில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அங்கிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டு வருபவரும், கீழே நடக்கும் சேதியை மேலே கொண்டுபோகிறவரும் ஒரே ஜீப்புக்காரர். அதனால் யார் போன் நம்பர் கேட்டாலும் மேல்காட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் கொடுப்பது அவர் நம்பரைத்தான். இது போடியில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அவர்களிடம் பேச நானே எத்தனையோ தடவை அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அப்படியும் சேர்க்கச் சொன்னேன். இருபத்துமூன்று தோட்டக்காரர்கள் ஒரே பகலில் ஒரே ஆளானார்கள். கம்ப்யூட்டர் கணக்கில், மேல்காட்டிலேயே பெரிய தோட்டக்காரர் அந்த ஜீப்புக்காரர்.

திங்கட்கிழமை காலையில் அவரே வந்து நின்றார். “அப்பு, நேத்துலருந்து போனு கத்திக்கிட்டே கெடக்கு. நான் வளைவுல வண்டிய ஒடிப்பேனா, ஒங்க ஓ.டி.பி. ஆறு நம்பர வாசிப்பேனா? இருபத்திமூணு தோட்டம் எனக்காம்ல. எம்பொண்டாட்டிகிட்டச் சொன்னா, மொத வீட்டு ஓட்ட மாத்துங்கறா.” நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதுதான் குடோனுக்குள்ளிருந்து சலசலவென்று காய் கொட்டும் சத்தம் கேட்டது.

ஒரே தோட்டக்காரரின் மூட்டைகளைத் தார்ப்பாயில் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அந்தக் குவியலிலிருந்து ஏலத்துக்கு மாதிரி எடுப்பது எங்கள் வழக்கம். அன்று காலை அச்சான பெயர்ச்சீட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்ததால், குடோன் ஆட்கள் வழக்கப்படி கொட்டிவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கத்துவதற்குள் பதினொரு மூட்டை கலந்திருந்தது. கரும்பச்சையில் உருண்ட காயும், வெளிறிய பொடிக்காயும் ஒரே குவியலாகக் கிடந்தன. ஏழு தோட்டத்தின் ஒரு பருவ உழைப்பு. எதையும் இனி எவராலும் பிரிக்க முடியாது.

திரும்பினால் வாசலில் அக்கா. “ஏங்க்கா, தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களே!” என்று பாய்ந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “ஆறாவது” என்றார். அவ்வளவுதான். நான் மேசைக்குப் போய்த் தாளைத் தேடி எடுத்தேன். டீக்கறை வட்டத்துக்குள் இருந்தது: ‘மேல்காட்டு ஆளுகளுக்கெல்லாம் ஜீப்புக்காரர் நம்பர்தான் இருக்கு. புதுசுல இவங்கள எப்படிப் பிரிப்பீங்க?’

மறுநாள் ஜீப்பில் ஒரு தோட்டக்கார அம்மா இறங்கி வந்தார். ஊரில் அவர் காய்க்குத் தனிப் பெயர். குவியலில் ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டினார். “என் காய எவன் காயோடடா கலந்த? ஆக்குன சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு, சிரிச்ச மூஞ்சியோட நிக்கிறியே!” உண்மையில் நான் சிரிக்கவில்லை. பயந்தால் என் முகம் அப்படித்தான் ஆகும். கலக்காமல் மிச்சமிருந்த தன் மூட்டைகளை அப்போதே எதிர்க்கடைக்கு ஏற்றிக்கொண்டு போனவர், இன்று வரை எங்கள் படியேறவில்லை. ஏழு பேருக்கும் விலையைக் கொடுத்து அந்தக் குவியலை நானே எடுத்துக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் பாயசம் குடித்தார்கள்.

அக்கா இரண்டு நாள் பழைய பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, இருபத்துமூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பிரித்துப் புதிய இடத்தில் ஏற்றினார். கயிறு கட்டிய மின்விசிறியை நான் வெட்கத்தோடு அவிழ்த்துவிட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை. முடித்ததும் பீரோ சாவியை மேசையில் வைத்தார். “சோலி முடிஞ்சிருச்சு. போறேன்.” எங்கள் பக்கம் சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் விடைபெறும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்கூட ‘வர்றேன்’ என்பார்கள்.

அவர் போன பிறகுதான் தாளை முழுதாகப் படித்தேன். ஒன்பதாவது கேள்வி: ‘இதெல்லாம் அங்க போனப்புறம் எனக்கு என்ன சோலி?’

இப்போது அவர் எதிர்க்கடையில் இருக்கிறார். அவர்களும் கிளவுடுக்கு மாறினார்கள். திட்டம் போட்டது அக்காதான். தோட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ‘யார் மூலமாகச் சேதி சொல்ல’ என்று தனியாக ஒரு கட்டம் வைத்தாராம். ஒரு காய் கலக்கவில்லை. அவருக்குக் கிளவுட் மேல் எந்தக் காலத்திலும் கோபம் இருந்ததில்லை. கோபமெல்லாம் ஒரே ஆள் மேல். அந்தப் படத்தில் முகம் சுளித்த பொம்மைக்குப் பக்கத்தில், சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருக்க வேண்டும்.

ஏல மையத்தில் பார்க்கும்போதெல்லாம் நாலு பேர் கேட்கவே கேட்பார்: “என்ன சின்ன மொதலாளி, எத்தனாவது கேள்வில நிக்கிறீங்க?” போன மாதமும் கேட்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பணிவோடு, “எட்டும் முடிஞ்சிருச்சுக்கா. ஒம்பதாவதுதான் பாக்கி. நீங்க திரும்பி வந்தா...” என்று இழுத்தேன். மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அதுக்கு நானே பதில் எழுதிட்டேன். நீங்க டீயக் குடிங்க.”

என் மேசைக்கு வந்து குடித்தேன். தம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டேன். சுட்டது.