அப்படி ஒருவர் இங்கே இல்லை

லீட்ஸ் நகரத்துக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் குடியேறிய முதல் மாதமே, முன்பின் தெரியாத ஒருவனுக்கு என் வாசலில் கடிதங்கள் வந்து விழத் தொடங்கின. எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவன். பெயர் டாசன். உறையின் மேல் சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருக்கும். பிரிக்காமலே தெரியும், கடன் கொடுத்தவர்கள் அனுப்புவது. நான்கு கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம் போனேன். அவன் எங்கே போனான், அவனுடைய ஆட்கள் யார், அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாமா என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். நான் பயந்துபோய்க் கேட்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "கவலைப்படாதே, உன் டிவியை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்" என்று என் தோளைத் தட்டினாள். பிறகு பேனாவை வாங்கி, நான்கு உறைகளிலும் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதி, தெருமுனைத் தபால்பெட்டியில் போடச் சொன்னாள். தபால்தலைகூட வேண்டாமாம். போட்டேன். ஐந்தாவது கடிதம் வரவே இல்லை.

மூன்று சொற்களில் ஒரு மனிதனை வாசலோடு துரத்திவிட முடிகிற நாடு என்று அன்று எனக்கு ஒரே வியப்பு. தென்காசியில் எங்கள் தெருவுக்கு ஒருவன் முகவரி கேட்டு வந்தால், அவன் போலீஸா, பைனான்ஸ்காரனா, பெண் பார்க்க வந்தவனா என்று யாரும் விசாரிப்பதில்லை. நாலு பேர் கூடவே நடந்து போய் வீட்டைக் காட்டுவார்கள். அவர் இப்போது வீட்டில் இருக்க மாட்டார், டீக்கடையில் இருப்பார் என்று டீக்கடைக்கும் கூட்டிப்போவார்கள். தெரியாது என்று சொல்வது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. அந்த மரியாதையால் அடிபட்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அதனால் டாசனின் கடிதங்கள் நின்றபோது, இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என் அக்கா விலை கொடுத்தாள்.

என் அக்கா பெயர் வடிவு. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தான் குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் சீசன் சமயத்தில் பழக்கடை போடுவார். சீசன் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் மலையில் சாரல் விழுந்து அருவிகளில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும், தமிழ்நாட்டின் பாதி எங்கள் ஊருக்குக் குளிக்க வந்துவிடும். அத்தான் ரம்புட்டானும் மங்குஸ்தானும் அடுக்கி வைத்து அந்த இரண்டு மாதத்தில் வருஷத்துக்குச் சம்பாதித்துவிடுவார். போன வருஷம் மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணம் பேசியிருந்ததால் கடையைப் பெரிதாகப் போட ஆசைப்பட்டார். அக்காவின் போனில் ஒரு கடன் ஆப்பை இறக்கி, அவள் பெயரில் பணம் வாங்கினார். அந்த வருஷம் பார்த்து அருவியில் வெள்ளம். குளிக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். வாரக்கணக்கில் ஆளே வரவில்லை. பழம் பெட்டியோடு அழுகியது.

கடன் ஆப் என்பது பணத்தைக் கொடுக்கும்போதே போனில் இருக்கிற பெயர்களையெல்லாம் எடுத்துக்கொண்டுவிடும். தவணை தவறியதும் தையல்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கார்த்திகாவின் கல்லூரி ஆசிரியை என்று ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் வைகாசியில் அக்கா எனக்குக் கூப்பிட்டாள். பணம் கேட்கத்தான் என்று நினைத்து, எடுப்பதற்கு முன்பே பதிலை யோசித்து வைத்துவிட்டேன். அவள் பணம் கேட்கவில்லை.

"எனக்கு நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்லே. குடும்பத்துல பொறுப்பான ஆளு ஒருத்தர் பேசினா மத்தவங்களுக்குப் போட மாட்டோம்னு சொல்லுதான். நான் அவ தம்பிதான், எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்கன்னு மட்டும் சொல்லு. வாசுதேவநல்லூருக்கு போன் போயிரக் கூடாது. ஆவணியில கல்யாணம் முடியுத வரைக்கும்தான். அதுக்குப் பெறவு நாங்க பாத்துக்கிடுதோம்."

வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை வீடு. சரி என்றேன். அதைவிடச் சின்ன உதவியை எந்த அக்காவும் எந்தத் தம்பியிடமும் கேட்டிருக்க மாட்டாள்.

கடன் ஆப்பிலிருந்து பேசுகிறவன் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மிரட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "அண்ணாச்சி, நல்லாருக்கியளா? அங்கன குளிரு எப்பிடி?" என்று தொடங்கினான். அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே ஊர் ஊராகப் பார்த்து எடுப்பார்கள் போலிருக்கிறது. ஐந்து வருஷமாக ஒரு மனிதன் என்னிடம் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் அந்தக் குரலுக்காகவே போனை எடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் சுயரூபம் தெரிந்தது. அக்காவைப் பற்றி, அவள் மகளைப் பற்றி, அதே அண்ணாச்சியைப் போட்டுக்கொண்டே சொல்லக்கூடாததெல்லாம் சொன்னான். ஒரு நாளைக்கு இருபது தடவை. நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். ஒரு கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் போன் துடிக்கும். எடுக்காவிட்டால் வாசுதேவநல்லூருக்குப் போட்டுவிடுவான். எடுத்தால் மேற்பார்வையாளர் பார்ப்பாள்.

பதினோராம் நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு விசாரித்தாள். என் அக்கா வாங்கிய கடனுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றேன். "நீ கையெழுத்துப் போட்டாயா?" என்றாள். இல்லை. "உன் அக்கா உன்னோடு வசிக்கிறாளா?" இல்லை. "அப்படியானால் அது உன் பிரச்சினையே இல்லையே" என்று சிரித்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடனை ஒரே நாளில் அடைக்கிற அளவுக்கு என்னிடம் பணம் இருந்தது. இந்த ஊரில் சொந்த வீடு வாங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு தடவை கொடுத்தால் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்காக நிற்கும்போது அவன் கூப்பிட்டான். வடிவு உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி என்று புதிதாகக் கேட்பது போலக் கேட்டான். எனக்கு மார்கரெட்டின் பேனா ஞாபகம் வந்தது.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கு அக்காவே கிடையாது. இனிமே இந்த நம்பருக்குப் போடாதீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. கூடப் பொறந்தவ இல்லையா?"

"இல்லை. எனக்கு யாரும் இல்லை."

"கேட்டியளாக்கா?" என்றான் அவன். என்னிடம் இல்லை.

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. தென்காசியில் அப்போது மதியச் சோற்று நேரம். விசில் அடங்கிய பிறகும் ஒரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பேசாமல் கேளுங்கள் என்று சொல்லி, அவளை முன்னாலேயே லைனில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போனேன்.

அன்று மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். "சாப்ட்டியாலே?" என்றாள். அவ்வளவுதான், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விளக்கம் சொல்லத் தயாராக இருந்த எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு வந்த போன்களும் டாசனின் கடிதங்கள் மாதிரியே நின்றுபோயின. மூன்று வாரம் நன்றாகத் தூங்கினேன். பிறகு அத்தான் கூப்பிட்டு, கல்யாணம் நின்றுவிட்டது என்றார்.

ஆடி மாதம் திருவனந்தபுரத்தில் இறங்கி, மலைப்பாதை வழியாகச் செங்கோட்டைக்கு டாக்ஸி பிடித்தேன். சீசனுக்கா என்று மலையாளி டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்வது? இந்த வருஷம் சாரல் பிரமாதமாக இருந்தது. வாசலில் நின்ற அக்கா என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். முன்னறையில் புது விரிப்புப் போட்டு, புது சோப்பும் துண்டும் வைத்திருந்தாள். கடனுக்கென்று கொண்டுபோன பணத்தை ஒரு கவரில் போட்டு அவளிடம் நீட்டினேன். "வீடு வாங்கத்தான வச்சிருந்த. வச்சுக்கோ" என்றாள். அதை நான் அவளிடம் சொன்னதே கிடையாது. கவரை டிவி மேல் வைத்தேன். மறுநாள் தூசி தட்டும்போது அதை எடுத்து, அடியில் துடைத்துவிட்டு, அங்கேயே திரும்ப வைத்தாள்.

அத்தானைக் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூருக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். எங்களை உட்கார வைத்து, காபி வந்து நாங்கள் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றித்தான் பேசினார். கடன்தான் காரணம் என்றால் இன்றைக்கே அடைத்துவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்தேன்.

"கடன் யாருக்குத் தம்பி இல்ல? எனக்கும் இருக்கு. எங்களுக்கும் போன் போட்டான், போய்யான்னு வச்சிட்டேன்" என்றார். பிறகு தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஒன்றைத் தட்டினார்.

என் குரல். பஸ் போகிற இரைச்சலுக்கு நடுவே தெளிவாக இருந்தது. அக்காவே கிடையாது என்றது. யாரும் இல்லை என்றது. அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாய்மாமனே ஒறவு இல்லைங்கற வீட்டுல என்ன நடந்துச்சோன்னு வீட்டுல பொம்பளைங்க கேக்குதாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"போன்காரன் தொல்லை தாங்காமச் சொன்ன பொய்யி அண்ணாச்சி" என்றேன்.

"அன்னைக்கு இல்லன்னு சொன்னிய. இன்னைக்கு உண்டுங்கிய. நாளைக்கு எங்க வீட்டுக்கு ஒரு கஷ்டம்னா எதைச் சொல்லுவிய?" அவர் கோபப்படவே இல்லை. வாசல்வரை வந்து குடை கொடுத்து அனுப்பினார்.

கார்த்திகா என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. பைக்கில் திரும்பி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். போன காரியம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. "எனக்கும் அனுப்பியிருந்தாங்க மாமா. ஒங்க வாய்ஸ் நல்லா க்ளியரா இருந்துச்சு" என்றாள். வகுப்பில் பிள்ளையைப் பாராட்டும் டீச்சர் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அறிவுரை சொல்வதல்ல. அந்நிய நாட்டில் நமக்கு முதலில் பழகுவது அந்த ஊர்ச் சாப்பாடோ குளிரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு முதலில் பழகியது இல்லை என்று சொல்வது. அது அங்கே நல்ல பழக்கம்தான், யாரையும் கொல்வதில்லை. அதை நான் எந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்பதுதான் விஷயம். அந்தப் போன்காரனுக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கடனை வைத்து எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியாது என்று தெரிந்துதான் என் குரலைப் பதிவு செய்திருக்கிறான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அத்தானோடு ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் இருந்த அவள் போன் அடித்தது. கையில் மாவு இருந்ததால் முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். அதைக் கவனிக்காமல் நான் அத்தானிடம் தேங்காய்ச் சட்னியைக் கேட்டு வாங்கினேன். அதே குரல்.

"என்னக்கா, தவணை என்னாச்சு? யாரோ புதுசா ஆம்பளச் சத்தம் கேக்குதே. வெளிநாட்டுத் தம்பி வந்துட்டாரோ?"

தட்டிலிருந்து என் கை தன்னால் எழுந்தது. போனைக் கொடு என்று சொல்லத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். நான்தான் தம்பி, என்னிடம் பேசு என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் காத்திருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் வாயில் தோசை இருந்தது. மென்று விழுங்குவதற்குள் அவள் போன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"தம்பில்லாம் யாருமில்ல" என்றாள். "சீசனுக்குக் குளிக்க வந்திருக்காவ. நாளைக்குக் கெளம்பிருவாவ."

போனை அணைத்துவிட்டு, கல்லிலிருந்து தோசையை எடுத்து என் தட்டில் வைத்தாள். கூச்சப்படாமல் சாப்பிடச் சொன்னாள்.